பாஸ்பரஸ் அளவு சரியாக இருக்கும்போது பிடிஎச் மட்டும் ஏன் உயர்கிறது?

காங்கேயம் பேரன்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) 71 வயது. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. அண்மையில் எடுத்த பரிசோதனையில் சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 36 என்றும், இரத்தப் பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 3.9 மில்லிகிராம் என்றும், கால்சியம் 9.1 என்றும் வந்திருக்கின்றன. பாஸ்பரஸின் இயல்பு வரம்பு 2.5 முதல் 4.5 வரை என்று ஆய்வகத் தாளிலேயே அச்சிட்டிருப்பதால், அதில் குறையில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆனால் பிடிஎச் எனப்படும் பாராதைராய்டு ஹார்மோன் 118 இருக்கிறது. அதன் வரம்பு 65 வரைதான். மருத்துவர் இதைப் பார்த்துவிட்டு, பாஸ்பேட் மிகுந்த உணவைக் குறைக்கச் சொன்னார். அளவாக இருப்பதை எதற்காகக் குறைக்க வேண்டும் என்று அப்பிச்சி கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காலையில் கம்பங்கூழ், மதியம் கொள்ளுப் பருப்பு அல்லது அரிசிம்பருப்பு என்றே வாழ்ந்தவர் அவர். சிறுநீரகம் பாஸ்பேட்டை எப்படிக் கையாளுகிறது என்பதை அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர், கோவை:

தம்பி, உங்கள் அப்பிச்சி கேட்டிருப்பது சரியான இடத்தைத் தொடும் கேள்வி. அந்த 3.9 தானாக அங்கே நிற்கவில்லை. அதை அங்கே நிறுத்தி வைக்க உடல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைத்தான் 118 காட்டுகிறது.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ், பெரும்பாலும் பாஸ்பேட் என்ற வடிவில், இருக்கிறது. அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும், எஞ்சியதில் பெரும்பகுதி செல்களுக்குள்ளும் இருக்க, செல்களுக்கு வெளியே உள்ள நீர்மத்தில் இருப்பது ஒரு விழுக்காட்டை ஒட்டியது மட்டுமே. நாம் ஊசி போட்டு அளப்பது இந்தச் சிறு பகுதியைத்தான். நாளொன்றுக்கு உணவில் 1000 முதல் 1500 மில்லிகிராம் வரை பாஸ்பரஸ் உள்ளே போகிறது. குடல் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. எலும்பு வளர்ச்சி முடிந்த ஒருவரின் உடலில் சேர்மானம் கூடாமல் இருக்க வேண்டுமானால், உறிஞ்சிய அளவு முழுவதையும் அன்றன்றே சிறுநீரகம் வெளியேற்றியாக வேண்டும். வியர்வையோ மூச்சோ இதற்கு உதவுவதில்லை.

நல்ல நிலையில் உள்ள சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதனுடன் சுமார் 6 கிராம் பாஸ்பேட்டும் வடிந்து நுண்குழலுக்குள் வருகிறது. இவ்வளவையும் சிறுநீரில் விட்டுவிட்டால் சில நாள்களிலேயே எலும்பு கரையத் தொடங்கும் என்பதால், 80 முதல் 90 விழுக்காட்டை நுண்குழல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த மீட்புப் பணி பெரும்பாலும் வடிகட்டியை அடுத்துள்ள முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலிலேயே முடிந்துவிடுகிறது. அந்தச் செல்களின் தூரிகை போன்ற ஓரத்தில் சோடியத்தையும் பாஸ்பேட்டையும் சேர்த்து உள்ளிழுக்கும் கடத்திப் புரதங்கள் பதிந்துள்ளன. என்ஏபிஐ-2ஏ, என்ஏபிஐ-2சி என்று அவற்றுக்குப் பெயர். ஓரத்தில் எத்தனை கடத்திகள் நிற்கின்றன என்பதே எவ்வளவு மீட்கப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே மீட்புக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்டது சிறுநீரில் போய்விடும்.

நொய்யல் வழியிலுள்ள நம் குளங்களில் கலிங்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம் வரை நீர் நிற்கும், மிகுந்தது வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். சிறுநீரகத்தின் பாஸ்பேட் வரம்பும் அத்தகையதே. ஆனால் இந்தக் கலிங்கின் உயரத்தை ஹார்மோன்கள் நாளும் ஏற்றி இறக்குகின்றன.

இறக்கும் வேலையைச் செய்பவை இரண்டு. ஒன்று பிடிஎச். கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகளிலிருந்து வரும் இது, என்ஏபிஐ-2ஏ கடத்திகளை ஓரத்திலிருந்து செல்லுக்குள் இழுத்து அழித்துவிடுகிறது. அரைமணி, ஒரு மணி நேரத்திலேயே விளைவு தெரியும். மற்றொன்று எஃப்ஜிஎஃப்-23. இதைச் சுரப்பது எலும்பு. எலும்புக்குள் புதைந்திருக்கும் முதிர்ந்த செல்கள் பாஸ்பேட் மிகுதியை உணர்ந்து இதை இரத்தத்தில் விடுகின்றன. 2000-ஆம் ஆண்டில்தான் இந்த ஹார்மோன் அறியப்பட்டது. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், இரத்தப் பாஸ்பேட் குறைந்து எலும்பு வளையும் நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடியபோது இது கிடைத்தது. எஃப்ஜிஎஃப்-23 தனியாக இயங்காது; கிளோத்தோ என்ற துணைப் புரதம் செல்லின் மேற்பரப்பில் இருந்தால்தான் அதன் செய்தி உள்ளே போகும். 1997-இல் ஜப்பானில் கிளோத்தோ இல்லாத எலிகளைக் கண்டறிந்தார்கள். அவை இளமையிலேயே முதுமையுற்றன; இரத்தக் குழாய்களில் சுண்ணம் படிந்தது; பாஸ்பேட் மிகவும் உயர்ந்திருந்தது. பின்னர் பாஸ்பேட் குறைந்த உணவு கொடுத்தபோது அந்தக் கோளாறுகள் பலவும் தணிந்தன. பாஸ்பேட்டை நான் இவ்வளவு முக்கியமாகக் கருதுவதற்கு இந்த எலிகளும் ஒரு காரணம்.

எஃப்ஜிஎஃப்-23 இன்னொன்றையும் செய்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்படு நிலையான கால்சிட்ரியாலாக மாற்றும் நொதி சிறுநீரகத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அந்த நொதியை இது அடக்குகிறது. கால்சிட்ரியால் குறைந்தால் குடல் உறிஞ்சும் பாஸ்பேட்டும் குறையும். ஆனால் கால்சியமும் குறையும், பாராதைராய்டு சுரப்பியின் மீதுள்ள கடிவாளமும் தளரும். அதனால் பிடிஎச் ஏறுகிறது.

இப்போது அப்பிச்சியின் கணக்குக்கு வருவோம். ஈஜிஎஃப்ஆர் 36 என்றால் நாளொன்றுக்கு வடிவது ஏறத்தாழ 52 லிட்டர். லிட்டருக்கு 39 மில்லிகிராம் என்று கொண்டால் வடிந்து வரும் பாஸ்பரஸ் சுமார் 2000 மில்லிகிராம். அவர் உறிஞ்சுவது 800 என்றால், வடிந்ததில் 40 விழுக்காட்டை வெளியே விட்டாக வேண்டும்; நல்ல சிறுநீரகம் விடுவது 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே. இதற்காகவே பிடிஎச்சும் எஃப்ஜிஎஃப்-23-உம் உயர்ந்து நிற்கின்றன. ஈஜிஎஃப்ஆர் 20-க்கு இறங்கினால் இதே 800-ஐ வெளியேற்ற 70 விழுக்காடு விட வேண்டியிருக்கும். 15-ஐ ஒட்டி வரும்போது ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டாலும் போதாது. அப்போதுதான் இரத்தப் பாஸ்பரஸ் வரம்பைத் தாண்டும். அதாவது வரிசையில் முதலில் ஏறுவது எஃப்ஜிஎஃப்-23, பிறகு கால்சிட்ரியால் குறைகிறது, பிறகு பிடிஎச் ஏறுகிறது, எல்லாவற்றுக்கும் கடைசியில் பாஸ்பரஸ் ஏறுகிறது. உங்கள் மருத்துவர் கடைசிப் படிக்குக் காத்திருக்காமல் மூன்றாம் படியிலேயே பேசியிருக்கிறார்.

இந்த உழைப்புக்கு விலை உண்டு. நீண்ட காலம் உயர்ந்து நிற்கும் பிடிஎச் எலும்பைத் தின்கிறது. மிகுதியான எஃப்ஜிஎஃப்-23 இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிப்பதோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உணவின் பாஸ்பேட்டைக் குறைப்பதன் நோக்கம் 3.9-ஐ 3.5 ஆக்குவது என்று நினைக்க வேண்டாம், அந்த 3.9-ஐக் குறைந்த செலவில் காக்க உடலுக்கு இடம் கொடுப்பதே நோக்கம்.

சத்தியமங்கலம் தாய்:

ஐயா, இடையில் ஒரு சிறு கேள்வி. என் மகனுக்கு 6 வயது, பாஸ்பரஸ் 5.4 என்று வந்தது. அப்படியானால் அவனுக்கும் சிறுநீரகத்தில் குறை இருக்குமோ?

ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர், கோவை:

கவலை வேண்டாம் அம்மா. வளரும் எலும்புக்குப் பாஸ்பேட் தேவை என்பதால் வளர்ச்சி ஹார்மோன் சிறுநீரகத்தின் மீட்பு வரம்பை உயர்த்தி வைக்கிறது. அந்த வயதில் 5.4 இயல்பானதே. ஆய்வகத் தாளில் பெரியவர்களுக்கான வரம்பை மட்டும் அச்சிட்டிருந்தால் இப்படித் தோன்றும். குழந்தை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோபி வாசகர்:

காங்கேயம் தம்பிக்கு என் கருத்து. என் தாய்மாமனுக்கு இதே நிலை வந்தபோது, பாஸ்பரஸ் அட்டவணை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கொள்ளு, துவரை, கம்பு, ராகி, எள், நிலக்கடலை அனைத்தையும் நிறுத்திவிட்டோம். நூறு கிராமுக்கு 250, 300 மில்லிகிராம் என்று அந்த அட்டவணையில் போட்டிருக்கும்போது அவற்றை உண்பது எப்படிப் பாதுகாப்பாகும்? வெள்ளை அரிசிச் சோறும் ரசமும் போதும். பட்டியலில் எண் பெரிதாக இருப்பதை விலக்குவதுதான் எளிய வழி.

பல்லடம் தீவனத் தொழிலர்:

கோபி அண்ணா, அட்டவணையில் இருக்கும் எண்ணும் குடலுக்குள் போய்ச் சேரும் எண்ணும் ஒன்றல்ல என்பதை எங்கள் தொழிலிலிருந்து சொல்ல விரும்புகிறேன். பல்லடம், உடுமலைப் பகுதிகளில் பிராய்லர் பண்ணைகளுக்குத் தீவனம் கலக்கும் ஆலையில் பணியாற்றுகிறேன். தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். இரண்டிலும் பாஸ்பரஸ் நிறைய இருப்பதாக ஆய்வகம் காட்டும். ஆனாலும் அதை மட்டும் நம்பிக் குஞ்சுகளை வளர்த்தால் கால் வளைந்துவிடும். விதைகளில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற கட்டுண்ட வடிவில் இருப்பதும், அதை உடைக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி கோழியின் குடலில் போதிய அளவு இல்லாததும்தான் காரணம். அதனால் முன்பு டிசிபி எனப்படும் டைகால்சியம் பாஸ்பேட்டை மூட்டை மூட்டையாகக் கலந்தோம். இப்போது ஃபைட்டேஸ் நொதியையே தீவனத்தில் சேர்த்து டிசிபி-யைக் குறைத்திருக்கிறோம். தீவனக் கணக்கில் மொத்தப் பாஸ்பரஸ் ஒரு வரியிலும் கிடைக்கும் பாஸ்பரஸ் வேறொரு வரியிலும்தான் எழுதுவோம். மனிதக் குடலிலும் அந்த நொதி மிகக் குறைவு என்று படித்திருக்கிறேன். உணவியல் தெரிந்தவர்கள் இதைச் சரிபார்த்துச் சொன்னால் நல்லது.

உணவியலர், ஈரோடு:

பல்லடத்துத் தம்பி சொன்னது மனிதருக்கும் பொருந்துகிறது. இத்தனை தெளிவாக எங்கள் பாடநூல்கள்கூடச் சொல்வதில்லை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பாஸ்பரஸில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் நம் குடல் உறிஞ்சுகிறது. பால், முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்து அதைவிடக் கூடுதலாக, 60 முதல் 70 விழுக்காடு வரை போகிறது. தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ 90 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே போய்விடுகின்றன, ஏனெனில் அவை எதனோடும் கட்டுண்டவை அல்ல. 2011-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், சிறுநீரகச் செயல் குறைந்தவர்களுக்கு ஒரு வாரம் தானியமும் சோயாவும் சார்ந்த சைவ உணவும், மற்றொரு வாரம் இறைச்சியும் பாலும் சார்ந்த உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பாஸ்பரஸின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் சைவ வாரத்தின் முடிவில் இரத்தப் பாஸ்பரஸும் எஃப்ஜிஎஃப்-23-உம் குறைவாக இருந்தன. பாஸ்பேட் எவ்வளவு என்பதோடு எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு அமைப்பான கேடிகோவின் 2017 வழிகாட்டுதலும் கூறுகிறது.

ஆகவே கோபி அண்ணா, பருப்பையும் சிறுதானியத்தையும் முழுவதும் நிறுத்திவிட்டு வெறும் சோறும் ரசமுமாக இருப்பதை நான் ஏற்கவில்லை. வயதானவருக்குப் புரதம் குறைந்து தசை கரைந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு வெள்ளைச் சோறு மட்டும் என்பது வேறு தொல்லையைத் தரும். அரிசிம்பருப்பை அளவோடு உண்ணலாம். பருப்பை ஊறவைத்த நீரையும் முதலில் கொதித்த நீரையும் வடித்துக் கொட்டினால் பாஸ்பரஸிலும் பொட்டாசியத்திலும் ஒரு பகுதி போய்விடும். மாவைப் புளிக்க வைக்கும்போது ஃபைட்டேட் ஓரளவு உடைந்து பாஸ்பரஸ் கூடுதலாக உறிஞ்சப்படும் என்பது உண்மையே. அதற்காக இட்லியைக் கைவிட வேண்டிய அளவுக்கு அது பெரிதன்று. கம்பங்கூழையும் நான் தடுக்க மாட்டேன், அளவைத்தான் கேட்பேன். கூழில் ஊற்றிக்கொள்ளும் தயிரின் அளவையும் கேட்பேன்.

நான் கடுமையாக இருப்பது வேறு இடத்தில். கறுப்பு நிறக் கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. பதப்படுத்திய சீஸ், உறைய வைத்த இறைச்சித் துண்டுகள், பேக்கரிப் பண்டங்கள், சில உடனடி உணவுகள் ஆகியவற்றில் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. உறையின் பின்புறத்தில், உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான பன்னாட்டு எண்ணைக் குறிக்கும் ஐஎன்எஸ் என்ற எழுத்துகளுக்குப் பிறகு 338, 339, 340, 341, 450, 451, 452 ஆகிய எண்களில் ஏதேனும் இருந்தால் அது பாஸ்பேட். எத்தனை மில்லிகிராம் என்று அங்கே போட்டிருக்காது. ஆகவே எண்ணைக் கண்டாலே கடையில் திரும்ப வைத்துவிடுங்கள். கிராமத்து வீடுகளிலும் பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்ததைப் பெரியவர்களும் எடுத்து உண்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முட்டையைப் பொறுத்தவரை, பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் மஞ்சள் கருவில்தான். வெள்ளைக் கரு மட்டும் உண்டால், மிகக் குறைந்த பாஸ்பரஸோடு நல்ல புரதம் கிடைக்கும். முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலி போன்ற சிறு மீன்களைக் குறைக்க வேண்டும்.

திருச்செங்கோடு வாசகி:

இந்த இழையைப் படித்தபோது எனக்கு நேர்மாறான ஓர் ஐயம் எழுந்தது. இரத்தசோகைக்காக எனக்கு இரும்புச்சத்து ட்ரிப் ஏற்றினார்கள். அதன்பின் ஹீமோகுளோபின் நன்றாகவே ஏறியது, ஆனால் சோர்வு குறையவில்லை. தொடையிலும் இடுப்பிலும் வலி வந்தது. பரிசோதித்தபோது பாஸ்பரஸ் 1.6 இருந்தது. என் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நன்றாக இருக்கும் சிறுநீரகம் பாஸ்பேட்டை ஏன் இப்படி இழக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர், கோவை:

அம்மா, ட்ரிப்பில் ஏற்றியது ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற மருந்தா என்று சீட்டைப் பாருங்கள். அந்த மருந்து, செயல்படும் நிலையிலுள்ள எஃப்ஜிஎஃப்-23-ஐச் சிலருக்குச் சட்டென்று உயர்த்திவிடுகிறது. சிறுநீரகத்தில் கோளாறு ஏதும் இல்லாமலே, அது தனக்கு வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது. அதே கட்டளை கால்சிட்ரியாலையும் குறைப்பதால் குடலும் ஈடுகட்டுவதில்லை. இதை உறுதிசெய்ய ஒரே வேளையில் எடுத்த இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸையும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினையும் அளந்தால் போதும். இரத்தத்தில் பாஸ்பேட் இவ்வளவு குறைந்திருக்கும்போது சிறுநீரகம் வடிந்ததில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே விட வேண்டும். அதற்கு மேல் போனால் இழப்பு சிறுநீரக வழியில்தான் என்று தெளிவாகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தானே சீராகிறது. ஆனால் எலும்பு வலி இருப்பதால் காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை இரும்பு ஏற்றுவதற்கு முன் இந்த 1.6-ஐக் கட்டாயம் சொல்லுங்கள். வேறு இரும்பு மருந்துகள் இருக்கின்றன.

டயாலிசிஸ் செவிலியர், சேலம்:

சிறுநீரகம் முற்றிலும் நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதை நாள்தோறும் பார்ப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான்கு மணி நேர டயாலிசிஸில் வெளியேறும் பாஸ்பரஸ் ஏறத்தாழ 800 முதல் 1000 மில்லிகிராம். வாரத்துக்கு இரண்டு முறை வருபவருக்கு அதிகம் போனால் 2000. அவர் நாளொன்றுக்கு 600 உறிஞ்சினாலும் வாரத்தில் 4200 சேர்ந்துவிடுகிறது. இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் தீராதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ளது குறைந்துவிடும். பிறகு செல்களுக்குள்ளிருந்தும் எலும்பிலிருந்தும் அது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். டயாலிசிஸ் முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் அளவு மீண்டும் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே நேரம்தான் முக்கியம். பேருந்துக்கு நேரமாகிறது என்று அரைமணி முன்னதாகக் கழற்றச் சொல்வது பாஸ்பேட் வகையில் உண்மையான இழப்பு.

உறிஞ்சியதில் வெளியேறியது போக எஞ்சும் அளவைத்தான் பைண்டர் மாத்திரைகள் குறைக்க வேண்டும். கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலமர் ஆகியவை குடலில் உணவின் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுகின்றன. உணவு இல்லாத வயிற்றில் அவற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனையோ பேர் எல்லா மாத்திரைகளையும் இரவு படுக்கும்முன் ஒன்றாக விழுங்குகிறார்கள். கால்சியம் மாத்திரையை அப்படி விழுங்கினால் பாஸ்பேட் குறையாததோடு, தேவையற்ற கால்சியமும் உடலில் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து இரத்தக் குழாயில் படிவதைத்தான் நாம் தடுக்க நினைக்கிறோம். சோற்றுக்கு உட்காரும்போது மாத்திரை இலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரிய உணவுக்குப் பெரிய பங்கு. மாலையில் வடையோ போண்டாவோ தின்றால் அதற்கும் ஒன்று தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாஸ்பேட் உயர்ந்த பலருக்குத் தோல் அரிப்பு இரவில் உறங்கவிடாது. அதைத் தோல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

காங்கேயம் பேரன்:

இவ்வளவு தெளிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பிச்சிக்கு அந்த 40 விழுக்காட்டுக் கணக்கைப் படித்துக் காட்டினேன். கோலாவை விட்டுவிடுகிறேன், கொள்ளை விடமாட்டேன் என்றார். ஐயா, அடுத்த பரிசோதனையில் எவற்றைக் கேட்டு எடுக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர், கோவை:

அவர் சொன்ன வரிசை சரியானதே, தம்பி. பாஸ்பரஸ் காலையில் குறைந்தும் பிற்பகலிலும் இரவிலும் உயர்ந்தும் இருப்பது இயல்பு. ஒரு முறை காலையிலும் மறுமுறை மாலையிலும் எடுத்து ஒப்பிட்டால் இல்லாத மாற்றம் இருப்பதாகத் தோன்றும். எப்போதும் காலையில் வெறும் வயிற்றில், முடிந்தால் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். பாஸ்பரஸ், கால்சியம், அல்புமின், பிடிஎச், கிரியேட்டினின் ஆகியவற்றோடு, உடலில் வைட்டமின் டி போதுமா என்பதைக் காட்டும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி-யையும் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெயிலில் காடு உழுதவருக்கும் முதுமையில் வைட்டமின் டி குறைவது உண்டு, அதுவும் பிடிஎச்சை உயர்த்தும். அது குறைந்திருந்தால் உணவை எவ்வளவு மாற்றினாலும் 118 எதிர்பார்த்த அளவு இறங்காது. எஃப்ஜிஎஃப்-23-ஐ அளக்கும் பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. இன்றைய நிலையில் அதன் முடிவால் அவருடைய மருத்துவம் மாறப்போவதில்லை. பிடிஎச்சின் ஓர் அளவை மட்டும் வைத்துக்கொண்டு மாத்திரை கேட்காதீர்கள். சில மாத இடைவெளியில் எடுத்த அடுத்தடுத்த அளவுகள் தொடர்ந்து ஏறுகின்றனவா என்பதைப் பார்த்தே மருத்துவர் கால்சிட்ரியால் போன்றவற்றைத் தொடங்குவார். அதுவரை பழைய தாள்களை எறியாமல் தேதி வரிசையில் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள்.